பொட்டு வைத்த முட்டுக்கட்டை

தாண்டவராயனுக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று திண்டிவனம் பைபாஸ் டீக்கடை வரைக்கும் பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். கொஞ்சம் புத்தியோடு நடந்துகொள்கிற எவரையும் அவருக்குப் பிடிக்கும். அப்படி ஒருத்தர் அவர் கண்ணில் படவில்லை என்றால் அதற்கு அவர் என்ன செய்வார்?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டிரெய்லர் யார்டு இருக்கிறது. முன்னால் நின்று இழுக்கும் என்ஜின் வண்டியை அங்கே ஹார்ஸ் என்பார்கள். பின்னால் சுமையைத் தூக்கிக்கொண்டு வருவது டிரெய்லர். ஹார்ஸ் வரும், டிரெய்லரை விட்டுவிட்டுப் போகும், இன்னொரு ஹார்ஸ் வந்து அதை மாட்டிக்கொண்டு கிளம்பும். இந்த மாட்டுகிற, கழற்றுகிற வேலைதான் தாண்டவராயனுடையது. கண்டாச்சிபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிய வீட்டில் பிறந்தவர். அந்த வெயில் பிடிக்காமல் லாரியில் கிளீனராக ஏறினார். டிரைவராக ஆகாமலேயே இறங்கினார். ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அது தனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொள்வார். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரியிடமே வாய் கொடுத்துவிட்டு வந்தார் என்பது அவர் மனைவி அம்சா சொல்லும் காரணம். அவர் வாயைத் தெரிந்தவர்கள் அம்சா பக்கம்தான்.

மாட்டுவது என்றால் பொம்மை ரயிலைக் கோர்ப்பது மாதிரி என்று நினைப்பவர்கள் ஒரு தடவை யார்டுக்கு வந்து பார்க்கலாம். தனியாக நிற்கும் டிரெய்லரை அதன் காற்று பிரேக் பிடித்து வைத்திருக்கும். ஹார்ஸிலிருந்து வரும் சிவப்புக் குழாயை மாட்டினால் காற்று உள்ளே போய் அந்தப் பிடி விட்டுவிடும். அந்த நேரத்தில் டிரெய்லரை நிறுத்தி வைக்க அதற்கென்று ஒரு கைபிரேக் உண்டு. இந்த யார்டில் எந்த டிரெய்லரிலும் அது வேலை செய்யாது. துருப்பிடித்து, கம்பி அறுந்து, சிலதில் அது இருந்த இடமே தெரியாது. போதாததற்கு முதலாளி நெடுஞ்செழியன், ஹார்ஸின் கேபினுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார். முழுசாக மாட்டிய பிறகு குழாயை இணைக்க ஆள் நுழைய முடியாது. அதனால் ஹார்ஸைப் பாதி தூரம் மட்டும் பின்னால் விடுவார்கள். அது டிரெய்லரின் மூக்கை லேசாகத் தூக்கியபடி நிற்கும். நடுவில் உள்ள சந்தில் தாண்டவராயன் நுழைந்து குழாயை மாட்டிவிட்டு வெளியே வரவேண்டும். யார்டின் தரையோ கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, டிரெய்லர்களின் மூக்கும் அந்தப் பக்கம்தான். பிடி விட்ட டிரெய்லர் உருண்டால் நேராக அந்தச் சந்துக்குள்தான் வரும்.

அப்படி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். முன்பு வேலை செய்த யார்டில் அவருடைய கூட்டாளி பூமாலை. நல்ல மனுஷன், புத்தியும் இருந்தது, ஆனால் யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசத் தெரியாது. "ஜல்தியா மாட்டுப்பா" என்று டிரைவர் அவசரப்படுத்தியதும், சக்கரத்துக்கு எதுவும் வைக்காமல் உள்ளே போனான். டிரெய்லரை இழுத்து நகர்த்தி அவனை வெளியே எடுத்தபோது தாண்டவராயன்தான் தோளில் வாங்கினார். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். அவன் நேரம், அவன் விதி, மேலே இருக்கிறவன் கணக்கு. அம்சா பூமாலையின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்திருந்தால் விதிக்கு வேலையே இருந்திருக்காது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. தாண்டவராயனுக்கு மனிதர்கள் மேல் வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். அது இன்றுவரை தீரவில்லை.

இந்த யார்டில் சேர்ந்ததும் முதல் வேலையாக முட்டுக்கட்டை கேட்டார். முதலாளி சிரித்தார். சாலை அகலப்படுத்த வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தில் ஒரு துண்டை இழுத்து வந்து தாண்டவராயனே செதுக்கினார். ஒரு பக்கம் சரிவாக, இன்னொரு பக்கம் தட்டையாக, இரண்டு கட்டைகள். டிரெய்லரின் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முன்னால் வைத்து, குதிகாலால் ஒரு உதை உதைத்து இறுக்குவார். கையால் வைத்தால் இறுகாது, உதைதான் முக்கியம். அதன் பிறகுதான் சந்துக்குள் நுழைவார்.

டிரைவர்களுக்கு இது பெரிய தமாஷ். அதிலும் வல்லரசு என்று ஒரு டிரைவர். பெயரைப் போலவே தன்னைத் தவிர வேறு நாடு இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுக்கும்போதே போனில் வீடியோவும் எடுப்பான்.

"இன்னாண்ணே, கட்டைய வச்சி தாலாட்டுறியா? நம்ம டிரெய்லரு எங்கயும் ஓடிப் பூடாது" என்பான்.

"டிரெய்லருக்கு உன்னவிட புத்தி ஜாஸ்தி. அது ஓடாது, உருளும்" என்பார் தாண்டவராயன்.

இப்படியே போயிருந்தால் இதில் கதையே இல்லை. போன வருஷம் ஆயுத பூஜை வந்தது.

யார்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எல்லா ஹார்ஸுக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஸ்பானர், ஜாக்கி, கிரீஸ் டப்பா, வாட்ச்மேனுடைய டார்ச் லைட் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தாண்டவராயன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வரிசையின் நடுவில் தன்னுடைய இரண்டு கட்டைகளும் நெற்றி நிறையப் பொட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். திரும்பி டிரெய்லரைப் பார்த்தார். முந்தின நாள் அவர் கட்டை வைத்துவிட்டுப் போன இரும்புச் சுருள் டிரெய்லர். கட்டை இருந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அத்தனை டன் இரும்பையும் அந்தப் பழம் பிடித்து நிறுத்தும் என்று நினைத்தார்களா, இல்லை நினைப்பு என்ற பழக்கமே அவர்களுக்கு இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை.

"மொதலாளி, சக்கரத்துக்கு வச்ச கட்டைய எடுத்தது யாருங்க?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன். அதுவும் ஆயுதந்தானே, தாண்டவராயா. வருஷத்துல ஒரு நாளு அதுக்கும் மரியாத வாணாமா?" என்றார் நெடுஞ்செழியன்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை தின்று முடிப்பதற்குள் முதலாளிக்குப் போன் வந்தது. இரும்புச் சுருள் உடனே போகவேண்டும், பார்ட்டி கத்துகிறான். பூஜை முடிந்து முதல் ஓட்டம், நல்ல சகுனம் என்று முதலாளி பூரித்துப் போனார். வல்லரசு மாலை போட்ட ஹார்ஸில் ஏறி உட்கார்ந்தான். தாண்டவராயன் கட்டையை எடுக்கக் குனிந்ததும் முதலாளி கையைப் பிடித்தார்.

"பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு மறுபூஜ போட்டுதான் எடுக்கணும்."

அதே பூஜையில் நின்ற லாரியை மட்டும் இன்றைக்கே ஓட்டலாமாம். லாரிக்கு வாடகை வரும், கட்டைக்கு என்ன வரும்? சாஸ்திரம் எங்கே வளையும், எங்கே வளையாது என்பது நெடுஞ்செழியனுக்கு அத்துபடி.

"அப்ப நாளைக்கே மாட்டிக்கலாங்க" என்றார் தாண்டவராயன்.

"ஒரு நாளு கட்ட இல்லாம மாட்டுனா இன்னா ஆயிடும்? அபசகுனம் புடிச்ச மாதிரி பேசாதய்யா."

"நான் நசுங்கிச் செத்தா சகுனம் நல்லா இருக்குங்களா?"

தாண்டவராயன் செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரண்டு கட்டைகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாமியிடம் அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. சாமி கும்பிடுகிறவர்களோடுதான் சண்டை. சக்கரத்துக்கு முன்னால் வைத்து இரண்டையும் உதைத்து இறுக்கினார். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

வல்லரசு ஹார்ஸைப் பாதி உள்ளே விட்டான். டிரெய்லரின் மூக்கு மேலே எழுந்தது. தாண்டவராயன் சந்துக்குள் நுழைந்து சிவப்புக் குழாயை மாட்டினார். உஸ் என்று காற்று போனது. அடுத்த நொடி டிரெய்லர் அவரைப் பார்த்து நகர்ந்தது. எங்கோ மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. பின்னால் தண்ணீர் டேங்க், முன்னால் இரும்புச் சுவர், நடுவில் அவர். டிரெய்லரின் முகப்பு அவருடைய வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் தொட்டு நின்றது. மூச்சை உள்ளே இழுக்கவும் பயமாக இருந்தது. பூமாலையின் முகம் கண்ணுக்குள் வந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடி வந்தார். தாண்டவராயனைத் தாண்டிக்கொண்டு ஓடி, சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. இன்னொன்று டயருக்கு அடியில் கடித்துக்கொண்டு நின்றது. அதன் குங்குமம் டயரில் அப்பியிருந்தது.

"பூஜையில வச்ச கட்ட. சாமியே கட்டையில எறங்கி வந்து தடுத்துருக்குது" என்றார் நெடுஞ்செழியன். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. சற்று முன் அதைத் தொடாதே என்று கையைப் பிடித்த அதே மனுஷன்தான். வல்லரசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டையைப் போனில் படம் எடுத்தான். தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதத்துக்குள் கேட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் மேடை எழும்பியது. தகரக் கூரை போட்டார்கள். பிழைத்த கட்டைக்குச் சிவப்புத் துணி சுற்றி, மேடையில் ஏற்றி, கட்டையப்பன் என்று பெயர் வைத்தார்கள். மணியும் கட்டியாகிவிட்டது. வல்லரசு போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டிகள் நின்று கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயின. வெள்ளிக்கிழமை தோறும் சுண்டல் கொடுத்தார்கள். சுண்டல் மட்டும் நன்றாக இருந்தது என்பதைத் தாண்டவராயனும் மறுக்கவில்லை.

சரி, மாட்டும் வேலைக்குக் கட்டை எங்கே என்று கேட்டார்.

"அதான் கட்டையப்பனே காவலுக்கு உக்காந்துருக்காரே" என்றார் முதலாளி.

தாண்டவராயன் ஊரிலிருந்து ஒரு வேலமரத் துண்டு கொண்டுவந்து புதிதாக இரண்டு கட்டை செதுக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் அந்த இரண்டுக்கும் மஞ்சள் பூசி, கட்டையப்பனுக்கு இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக வைத்திருந்தார்கள். வள்ளி தெய்வானையாம். இனி எத்தனை செதுக்கினாலும் குடும்பம்தான் பெருகும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. செங்கல் வைத்துப் பார்த்தார், காலி டிரெய்லருக்கே பொடிப்பொடியானது. பாறாங்கல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அது வழுக்கியது. லோடு ஏற்றின டிரெய்லர் வந்தால் உள்ளே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காலி டிரெய்லர்களை மட்டும் பயந்து பயந்து மாட்டிக்கொண்டிருந்தார். பயந்தாங்கொள்ளி என்று பெயரும் கிடைத்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். வீட்டில் அம்சா பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

"பொங்கல் வைக்கிறன்னு வேண்டிக்கினு இருக்கேன்யா. வர்ற வெள்ளிக்கெழம வர்றேன்" என்றாள்.

"யாருக்கு?"

"கட்டையப்பனுக்கு. உன் உசுர காப்பாத்துச்சே."

"அத செதுக்கினது யாரு? பூஜையிலேருந்து எடுத்தாந்து வச்சது யாரு? ஒதைச்சு இறுக்கினது யாரு?"

"நீதான். யாரு இல்லன்னா? ஆனா உனக்கு அந்தப் புத்திய குடுத்தது யாரு?"

ஊரே ஒரு மரத்துண்டுக்கு நன்றி சொல்கிறது, போகட்டும். கட்டிய மனைவியும் அதற்கே பொங்கல் வைக்கிறாள். தாண்டவராயன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபம் என்று அம்சா நினைத்தாள். கோபம் பாதிதான். மீதி அழுகை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்சா மேடைக்கு முன்னால் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இரும்புச் சுருள் டிரெய்லருக்கு ஹார்ஸ் வந்தது. வல்லரசு இறங்கி, கட்டையப்பனுக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஏறி உட்கார்ந்து வண்டியைப் பாதி உள்ளே விட்டான்.

"கும்புட்டாச்சுண்ணே. உள்ள போங்க."

"மாட்டேன்" என்றார் தாண்டவராயன்.

முதலாளி வெளியே வந்தார். "இன்னாய்யா உன்னோட தெனம் பேஜாரு? நீ போவலன்னா வேற ஆளு போவான். நாளைலேருந்து நீ வர வாணாம்."

வேறு ஆள் போவான். அது உண்மை. பூமாலை மாதிரி மறுத்துப் பேசத் தெரியாத ஒருத்தன் எங்கேயாவது இருப்பான். தாண்டவராயன் குனிந்து டிரெய்லரின் சக்கரத்தைப் பார்த்தார். இன்றைக்கும் ஒரு எலுமிச்சம்பழம்.

நேராக மேடைக்குப் போனார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. சிவப்புத் துணி, மாலை, சந்தனம் எல்லாவற்றோடும் கட்டையப்பனைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மணி ஆடிச் சத்தம் போட்டது. "டேய்" என்று யாரோ கத்தினார்கள். சக்கரத்துக்கு முன்னால் போட்டு, செருப்புக் காலால் ஓங்கி ஒரு உதை உதைத்தார். கட்டை இறுகியது. மாலையிலிருந்து சாமந்தி தெறித்தது.

வல்லரசு கேபினிலிருந்து தலையை நீட்டியவன் நீட்டியபடியே இருந்தான். தாண்டவராயன் அடுத்த சக்கரத்துக்கு இன்னொரு கட்டை எடுக்க மேடைக்குத் திரும்பினார். அங்கே அம்சா குறுக்கே நின்றாள். கையில் பொங்கல் கிளறிய கரண்டி. அவர் நின்றார். இவளோடு இங்கே வைத்துச் சண்டை போட அவருக்குத் தெம்பு இல்லை.

அம்சா அவரையும் டிரெய்லரையும் அந்தச் சந்து இடுக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளதான் போவியா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்த இடுக்கை நேரில் பார்த்தது இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

"பூமாலையும் இது மாதிரிதானா?"

அதற்கும் தலையை ஆட்டினார்.

அம்சா கரண்டியைக் கீழே வைத்தாள். மேடையில் இடது பக்கம் இருந்த கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தாள். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பதமாக வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கையால வச்சா நிக்காது, அம்சா" என்றார் தாண்டவராயன்.

"தெரியும். தெனம் வூட்ல இதத்தானே பேசுற."

அவள் எழுந்து, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலால் அதை உதைத்தாள். ஒரு தடவை போதவில்லை என்று இன்னொரு தடவையும் உதைத்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள்.

"பூமாலை பொண்டாட்டி பக்கத்துல குந்திக்கினு இருந்தவ நான். விதின்னு சொன்னாங்க எல்லாரும். எனக்கு யாரும் வந்து அத சொல்ல வாணாங்க, மொதலாளி."

நெடுஞ்செழியன் மேடையில் தனியாக நின்ற மூன்றாவது கட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தாண்டவராயன் உள்ளே போனார். குழாயை மாட்டினார். உஸ் என்றது. டிரெய்லர் ஒரு முறை முனகி, இரண்டு கட்டைகளின் மேலும் சாய்ந்து, அப்படியே நின்றது. அவர் வெளியே வருகிற வரைக்கும் அம்சா சக்கரத்துக்குப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"வாய்யா, பொங்கலு அடிபுடிக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்து நடந்தாள்.